நியாய விதி (அமெரிக்க ஒலிபரப்பு)

அமெரிக்க வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் அரசியல் சர்ச்சைகளை எப்படிக் கையாள வேண்டும் என்பதை 1949 முதல் 1987 வரை நெறிப்படுத்திய ஒழுங்குமுறை நியாய விதி. ‘ஃபேர்னஸ் டாக்ட்ரின்’ என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் (எஃப்.சி.சி.) இதை வகுத்தது, அந்த ஆணையமே இதை ரத்தும் செய்தது. இன்று அமெரிக்கச் செய்தி ஊடகங்கள் கட்சிக்கொரு முகாமாகப் பிரிந்து கிடப்பதற்கு இந்த விதி போனதே காரணம் என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. விதி உயிரோடு இருந்தபோதே இரு கட்சிகளும் அதை ஆயுதமாக எடுத்தன என்ற மீதிக் கதை அதிகம் பேசப்படுவதில்லை.

பின்னணி

கட்சி சார்ந்த இதழியல் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. வெளியுறவுச் செயலராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், 1791-இல் ஃபிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞருக்குத் தன் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்தார். ஃப்ரெனோவின் உண்மையான வேலை, அரசின் நிதிக் கொள்கையைச் சாடும் பத்திரிகை நடத்துவது.

அச்சு எந்திரம் யாரும் வாங்கலாம், அலைவரிசை அப்படியல்ல. இருக்கும் சில அலைவரிசைகள் பொதுச் சொத்து, உரிமம் பெற்றவர் அதன் காப்பாளர் மட்டுமே என்பது 1927, 1934 ஆண்டுகளின் வானொலிச் சட்டங்களின் அடிப்படை. நிலையங்கள் தலையங்கக் கருத்தே சொல்லக் கூடாது என்று 1941-இல் ஆணையம் தடுத்தது. 1949-இல் அந்தத் தடையை நீக்கி, இரண்டு கடமைகளை விதித்தது: பொதுமக்களைப் பாதிக்கும் சர்ச்சைகளைப் பேச நேரம் ஒதுக்க வேண்டும், பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும். இரு தரப்புக்கும் நிமிடக் கணக்கில் சம நேரம் தர வேண்டும் என்று விதி கேட்கவில்லை. ஒளிபரப்பில் தனிநபர் தாக்கப்பட்டால் அவருக்கு மறுமொழி கூற வாய்ப்புத் தர வேண்டும் என்பது 1967-இல் தனி விதியாகவே எழுதப்பட்டது.

விதி நல்லதும் செய்திருக்கிறது. சிகரெட் விளம்பரங்களுக்கு எதிர்க்கருத்து வேண்டும் என்று ஜான் பான்ஸாஃப் என்ற இளம் வழக்கறிஞர் கொடுத்த புகாரை 1967-இல் ஆணையம் ஏற்றது. புகையின் கேட்டைச் சொல்லும் விளம்பரங்களை நிலையங்கள் இலவசமாக ஒளிபரப்ப நேர்ந்தது. 1971 ஜனவரியிலிருந்து சிகரெட் விளம்பரமே ஒளிபரப்பிலிருந்து விலக்கப்பட்டது.

ரெட் லயன் வழக்கு

விதியின் சட்ட வலிமையையும் அரசியல் அழுக்கையும் ஒருசேரக் காட்டுவது இந்த வழக்கு. பென்சில்வேனியாவில் ரெட் லயன் என்பது சிற்றூர். அங்கிருந்த டபிள்யூ.ஜி.சி.பி. வானொலி, 1964 நவம்பரில் பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸ் என்ற வலதுசாரி மதபோதகரின் 15 நிமிட உரையை ஒலிபரப்பியது. குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் பேரி கோல்டுவாட்டரைக் கடுமையாக விமர்சித்து நூல் எழுதிய ஃபிரெட் குக் என்ற பத்திரிகையாளரை ஹார்கிஸ் அதில் தாக்கிப் பேசினார். பதில் சொல்ல இலவச நேரம் கேட்டுக் குக் எழுதினார். நிலையமோ கட்டண அட்டையை அனுப்பிவைத்தது. அந்த நிலையத்தில் கால் மணி நேரத்தின் விலை ஏழரை டாலர்தான்! அந்தச் சில்லறைத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது.

1969-இல் நீதிபதி பைரன் ஒயிட் எழுதிய தீர்ப்பு 8–0 என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் நின்றது. ஒலிபரப்புவோரின் உரிமையைவிடக் கேட்போரின் உரிமையே பெரிது என்பது அதன் சாரம். பத்திரிகைக்கு இதே அளவுகோல் பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 1974-இல் மயாமி ஹெரால்டு வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

சிபிஎஸ் செய்திப் பிரிவின் முன்னாள் தலைவர் ஃபிரெட் ஃப்ரெண்ட்லி 1970-களின் நடுவில் ரெட் லயன் வழக்கின் பின்கதையை வெளிக்கொணர்ந்தார். வலதுசாரி வானொலிப் பேச்சாளர்கள்மீது புகார்களைக் குவித்து, சிறு நிலையங்களுக்குச் செலவு வைத்து, அவர்களை ஒலிபரப்பாமல் ஒதுங்கச் செய்வது ஜனநாயகக் கட்சியினர் திட்டமிட்டு நடத்திய வேலை. குக்கின் எழுத்துக்கும் கட்சியின் ஆதரவு இருந்தது. குடியரசுக் கட்சியும் சும்மா இருக்கவில்லை. துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ 1969 நவம்பரில் டெ மாயின் நகரில் தொலைக்காட்சிச் செய்தியாளர்களைச் சாடிப் பேசினார். அதிபர் நிக்சனின் அரசு நிலையங்களின் உரிமத்தைக் காட்டி மிரட்டவும் தயங்கவில்லை.

ரத்து

1980-களில் அதிபர் ரேகன் நியமித்த ஆணையத் தலைவர் மார்க் ஃபவ்லர், அலைவரிசைப் பற்றாக்குறை என்ற வாதம் காலாவதியாகிவிட்டது என்றார். சர்ச்சையைத் தொட்டால் புகார் வரும் என்று நிலையங்கள் பேசாமலே இருந்துவிடுகின்றன என்பது அவர் தரப்பின் இன்னொரு வாதம். விதியைச் சட்டமாக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ரேகன் 1987 ஜூனில் தடுத்தார். ஆகஸ்ட் 4-ஆம் நாள், சிரக்யூஸ் நகரத் தொலைக்காட்சி ஒன்றின் அணுமின் நிலைய விளம்பரம் தொடர்பான வழக்கில், ஆணையம் 4–0 என்று விதியைக் கைவிட்டது. பழமைவாதிகள் எல்லோரும் இதைக் கொண்டாடினார்கள் என்று நினைப்பது தவறு. நியூட் கிங்ரிச்சும் ஃபிலிஸ் ஷ்லாஃப்லியும் விதியைக் காக்க நின்றவர்கள். பெரிய வலையமைப்புகளிடமிருந்து தங்களுக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பு என்று அப்போது எண்ணினார்கள்.

பின்விளைவு

வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி 1988 ஆகஸ்டில் நாடு தழுவிய ஒலிபரப்பானது. விதி போனது வழிவிட்டது என்பது சரி. பணக் கணக்கும் சேர்ந்துகொண்டது. இசை கேட்போர் பண்பலைக்குப் போய்விட, ஏ.எம். நிலையங்கள் நேரத்தை நிரப்ப வழி தெரியாமல் கிடந்தன. அவற்றுக்கு லிம்பாவின் நிகழ்ச்சி காசில்லாமல் தரப்பட்டது. விளம்பர நிமிடங்களில் ஒரு பகுதியைத் தயாரிப்பாளர்கள் வைத்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1994-இல் பிரதிநிதிகள் சபையைப் பிடித்த குடியரசுக் கட்சியின் புதுமுக உறுப்பினர்கள், அவரைத் தங்கள் கௌரவ உறுப்பினராக்கினார்கள்.

ஃபாக்ஸ் நியூஸ் (1996) கதை வேறு. அது கேபிள் அலைவரிசை. விதியின் ஆதாரமான ஒலிபரப்பு உரிமம் அதற்குத் தேவையில்லை. விதி நீடித்திருந்தாலும் ஃபாக்ஸையோ எம்எஸ்என்பிசியையோ தொட்டிருக்காது. 2020 தேர்தல் பற்றிய பொய்களுக்காக 2023 ஏப்ரலில் டொமினியன் என்ற வாக்கு எந்திர நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதும் அவதூறு வழக்கில்தான். விதி இருந்திருந்தால் உண்மையில் அகப்பட்டிருக்கக்கூடியது சின்க்ளேர் போன்ற, உரிமம் பெற்ற உள்ளூர் நிலையங்களின் உரிமையாளர். 2018-இல் அந்நிறுவனம் நாடெங்கும் தன் செய்தி வாசிப்பாளர்களை ஒரே உரையை ஒப்பிக்க வைத்தது. காலப் கணிப்பின்படி ஊடகங்கள்மீது நம்பிக்கை கொண்ட அமெரிக்கர்கள் 1976-இல் 72 விழுக்காடு, 2024-இல் 31 விழுக்காடு. இந்தச் சரிவு முழுவதையும் ஒரு விதியின் கணக்கில் எழுத முடியாது.

தனிநபர் தாக்குதல் விதி 2000-இல் நீங்கியது; நியாய விதியின் வாசகமே 2011-இல் ஆணையத்தின் விதிநூலிலிருந்து எடுக்கப்பட்டது. வேட்பாளர்களுக்குச் சம நேரம் தரும் விதி இதிலிருந்து வேறானது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1934 சட்டத்தின் 315-ஆவது பிரிவாக இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2024 நவம்பரில் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸ் என்பிசியின் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில் தோன்றியதும், மறுநாளே கார்ப் பந்தய ஒளிபரப்பில் எதிர் வேட்பாளர் டொனால்டு ட்ரம்புக்கு அந்நிறுவனம் நேரம் ஒதுக்கியது இந்தப் பிரிவின் காரணமாகத்தான்.