தேர்க்காலும் செங்கோலும்

ஆலய மலரில் சாலை விபத்தைப் பற்றி எழுதலாமா என்று ஐயுறுவோர்க்குச் சேக்கிழார் பெருமானே விடை தந்திருக்கிறார். அடியார் வரலாற்றைப் பாடப் புகுந்தவர், திருவாரூரின் சிறப்பைச் சொல்ல எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியே ஒரு சாலை விபத்துதான். மலர்க்குழு அன்பர்கள் இப்பொருளைத் தந்தபோது எனக்கு முதலில் நினைவில் எழுந்தது அந்தத் திருநகரச் சிறப்புத்தான்.

மனுநீதிச் சோழன் கதையை இம்மலரின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பாண்டியன் அவையில் கண்ணகி தன் ஊர்ப் பெருமையாகச் சிபிக்கு அடுத்துச் சொல்வது இதைத்தான். திருவாரூர்க் கோயிலில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டொன்றும் இதைப் பேசுகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையாகவும் நிற்கிறது. ஆனால் தேர்க்காலையும் கன்றையும் சொல்லிவிட்டு, மன்னன் அமைச்சர்க்குக் கூறிய மறுமொழியை நாம் விட்டுவிடுகிறோம்.

கழுவாய் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் தேற்றுகிறார்கள். அரசனோ, உயிர்களைக் காக்கும்போது அவற்றுக்கு ஐந்து வழிகளில் அச்சம் வரக்கூடும், ஐந்தையும் நீக்குபவன் அல்லவா காவலன் என்று கேட்கிறான். பகைவரால், கள்வரால், பிற உயிர்களால் வருவன மூன்று. அவற்றுக்கும் முன்னால் அவன் வைப்பவை இரண்டு: தன்னால் வருவது, தன் பரிசனத்தால் வருவது. ஆள்வோரும் அவர்தம் பணியாளரும் உயிருக்கு ஊறு செய்யக்கூடும் என்பதை ஓர் அரசனே முதலில் வைத்துச் சொல்லும் நேர்மையை வேறெந்த நூலில் காண்போம்!

மேலைநாட்டார் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 1997-இல். சுவீடன் நாடாளுமன்றம் அவ்வாண்டு ஏற்றுக்கொண்ட 'சுழிய இலக்கு'க் கொள்கையின் சாரம் இது: மனிதன் தவறு செய்யத்தான் செய்வான், அந்தத் தவறு அவன் உயிரைப் பறிக்காதபடி சாலையையும் வண்டியையும் அமைப்பது அவற்றை ஆக்குவோர் கடன். எதிரெதிர் வரும் வண்டிகள் மோதாதபடி சாலை நடுவே கம்பித் தடுப்பு வைத்ததும், மக்கள் நடக்கும் வீதிகளில் வேகத்தைக் குறைத்ததும் இக்கொள்கையின் விளைவே. ஐரோப்பிய ஒன்றியம் 2030-க்குள் சாலைச் சாவுகளைப் பாதியாக்கவும், 2050-க்குள் ஏறத்தாழ இல்லாமல் செய்யவும் உறுதி பூண்டுள்ளது. 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் வேக வரம்பை ஓட்டுநருக்கு உணர்த்தும் கருவி கட்டாயம். இருபத்தேழு நாடுகள் சேர்ந்த அந்த ஒன்றியத்தில் 2023-இல் சாலையில் மாண்டவர் சுமார் 20,400 பேர். நம் தமிழ்நாட்டில் மட்டும் அதே ஆண்டில் பதினெட்டாயிரத்துக்கும் மேல்.

நம் நாட்டில் பெரும்பாலான முதல் தகவல் அறிக்கைகள் ஓட்டுநரின் அஜாக்கிரதையோடு முடிந்துவிடும். குழியோ, வெளிச்சமற்ற வளைவோ, அறிவிப்பின்றி எழும்பிய வேகத்தடையோ குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 198-ஏ பிரிவு அந்தக் குறையைச் சற்றே போக்கியது. சாலையைத் தரப்படி அமைக்காத அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் அபராதம் உண்டு. அது ஒரு லட்சம் ரூபாய் வரைதான். மகனையே தேர்க்காலில் இட்ட நாட்டில் இது மிக மலிவு என்பது என் கருத்து.

கௌடில்யரையும் இங்கே நினைக்க வேண்டும். தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் மைசூர் நூலகத்தில் சேர்த்த சுவடியிலிருந்து சாம சாஸ்திரி 1909-இல் பதிப்பித்த அர்த்தசாஸ்திரத்தில், மாட்டின் மூக்கணாங்கயிறு அறுந்தோ நுகம் முறிந்தோ நேர்ந்த விபத்துக்கு வண்டிக்காரனுக்குத் தண்டனை இல்லை. மக்களும் சிறு விலங்குகளும் செல்லும் வழியை அடைப்பவனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். நடைபாதையில் கடைவிரிப்போரும் பைக் நிறுத்துவோரும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று வியப்பூட்டும்: வண்டி ஓட்டியவன் சிறுவனானால், வண்டியில் இருக்கும் உடையவனே தண்டனைக்குரியவன். நம் சட்டத்தின் 199-ஏ பிரிவு இதையேதான் சொல்கிறது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

அஸ்தினாபுரத்தில் இருந்துகொண்டு பாரதத்தைத் தொடாமல் போவது முறையன்று. வனபர்வத்தில் உரோமசர் பாண்டவர்க்குச் சொல்லும் கதைகளுள் அஷ்டாவக்கிரர் கதை ஒன்று. உடல் கோணிய அந்தச் சிறுவர் ஜனக மன்னனை வழியில் எதிர்கொள்கிறார். விலகச் சொன்னபோது, வழி யாருக்கு உரியது என்று அவரே வரிசைப்படுத்துகிறார்: குருடர்க்கு, செவிடர்க்கு, பெண்களுக்கு, சுமை சுமப்போர்க்கு, அரசன் அதற்குப் பின்தான். அந்தணரைப் பற்றி அவர் தொடர்ந்து சொல்வதை அக்காலத்துக்கே விட்டுவிடுவோம். முதல் நால்வரின் வரிசையை மட்டும் ஜி.எஸ்.டி. சாலையில் எழுதி வைத்தால் போதும்.

இந்த அறத்தை நம் காலத்து நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் ஒரு தமிழர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் பயனாக, நீதியரசர் கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு 2014-இல் அமைந்தது. அதே வழக்கில்தான் 2025 மே மாதம், இடையூறற்ற நடைபாதை வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

நம் மாநிலமும் வழி தெரியாமல் இல்லை. 2016-இல் 17,218 ஆக இருந்த சாவு எண்ணிக்கை 2019-இல் 10,525 ஆக இறங்கியது. 2008-இல் வந்த 108 ஊர்தியும் அவசர சிகிச்சை மையங்களும் அதற்குத் துணைநின்றன. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. ஆனாலும் 2022-இல் எண்ணிக்கை 17,884 ஆக மீண்டும் ஏறிவிட்டது. மருத்துவம் விபத்துக்குப் பின் வருவது. சாலை அதற்கு முன்னால் சீராக வேண்டும்.

அஸ்தினாபுரத்து அன்பர்களே! இந்திய சாலைக் காங்கிரஸ் நெறிப்படி நடைபாதைக்குத் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். இராஜேந்திர பிரசாத் சாலையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, எழுத்தில் தாம்பரம் மாநகராட்சிக்குக் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்து டியூஷனுக்கு அனுப்பாதீர்கள். சுவாமி புறப்பாட்டுக்கு வரும் இளைஞர்கள் மூவராய் ஒரே வண்டியில் வருவதை இந்த ஆண்டு முதல் விழாக் குழுவே தடுக்கட்டும்.