'சீட்டிங்' பிறந்த கதை

பரீட்சையில் பிட் அடித்தால் சீட்டிங். கடைக்காரர் எடையைக் குறைத்தால் சீட்டிங். காதலித்தவர் கைவிட்டுப் போனால் சீட்டிங். கம்ப்யூட்டர் கேமில் சாகாமல் விளையாட 'சீட் கோட்'. டயட்டில் இருப்பவர் ஒரு நாள் மட்டும் பிரியாணியை வெளுத்துக் கட்டினால் அது 'சீட் டே'. எமனிடமிருந்து தப்பியவரைக்கூட மரணத்தையே 'சீட்' செய்தவர் என்கிறது ஆங்கிலம்!

இத்தனை வேலை பார்க்கும் இந்தச் சொல் எங்கே பிறந்தது தெரியுமா? திருடர் கூட்டத்தில் அல்ல, அரசாங்க உத்தியோகத்தில்! (நம்ம ஊர் ஏலச்சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது வேறு சொல்.)

இதன் தாய்ச்சொல் 'எஸ்சீட்'. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'வந்து விழுவது' என்று பொருள். இடைக்கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்தவர், தனக்கு மேலே இருந்த பிரபுவிடமோ அரசரிடமோ அதைப் பெற்றவர். அவர் வாரிசு இல்லாமல் இறந்தால், நிலம் கொடுத்தவரிடமே திரும்பி விழும். அதுதான் எஸ்சீட். இதில் மோசடி ஒன்றும் இல்லை. அன்றைய சட்டமே அதுதான்.

சரி, பிறகு எங்கே கெட்டுப்போனது?

அரசருக்குச் சேர வேண்டியதைக் கவனிக்க 13ஆம் நூற்றாண்டில் 'எஸ்சீட்டர்' என்ற அதிகாரிகள் வந்தார்கள். அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எஸ்சீட்டர் அந்த ஊருக்கு வந்து உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, சத்தியம் வாங்கி விசாரிப்பார். என்னென்ன நிலம்? வாரிசு யார்? வயது என்ன? வாரிசு சிறு பையனாக இருந்தால், அவன் வளரும் வரை நிலம் அரசர் பொறுப்பில் போய்விடும்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு அதிகாரி எழுதும் நாலு வரியில்தான் குடும்பத்தின் நிலமே இருக்கிறது. அவர் பொய்யாக எழுதினால்? எழுதினார்கள்! ஏழாம் ஹென்றி காலத்தில் (1485–1509) அரசாங்கம் பணம் பறிப்பதாக மக்கள் கொதித்தார்கள். அவர் இறந்ததும், வசூலில் பேர் போன எம்ப்சன், டட்லி என்ற இரு அமைச்சர்கள் கைதாகி, ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் 1510இல் தலை வெட்டப்பட்டார்கள். எட்டாம் ஹென்றியின் முதல் பாராளுமன்றம், எஸ்சீட்டர்களின் பொய் அறிக்கைகளைத் தடுக்கவே தனியாக ஒரு சட்டம் போட்டது.

ஆனால் மக்கள் வாயில் அந்தச் சொல் ஏற்கெனவே தேய்ந்து 'சீட்' ஆகியிருந்தது. முதலில் அதற்கு 'பறிமுதல் செய்' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் 'ஏமாற்று' என்றே ஆகிவிட்டது.

கதை இங்கிலாந்தோடு முடியவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 415ஆம் பிரிவாக உட்கார்ந்தது. ஏமாற்றிச் சொத்தைப் பறிப்பதற்கான 420ஆம் பிரிவு, 'ஃபோர் ட்வென்டி' என்று ஒரு வசவாகவே மாறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, பிரிவு எண் 318 ஆகிவிட்டது. வசவு மட்டும் எண் மாறவில்லை!

தாய்ச்சொல்லோ கௌரவமாக அரசியல் சாசனத்தின் 296ஆவது பிரிவில் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியும், வாரிசே இல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து அரசாங்கத்துக்குத்தான்.

ஒரே வேரில் பிறந்த இரண்டு சொற்கள். ஒன்று சட்டம், மற்றொன்று குற்றம். வித்தியாசம், இடையில் நின்ற அதிகாரியின் நேர்மைதான். நிலத்தைப் பறிகொடுத்த எல்லோராலும் கோர்ட் வரை போயிருக்க முடியாது. ஆனால் அந்த உத்தியோகத்தின் பெயரையே மோசடிக்கு வைத்துவிட்டார்கள். எஸ்சீட்டர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.