‘பெரும் நான்கு’ உருவான வரலாறு: சிம்ப்சன், நோரிஸ் கருத்துக்கு ஒரு மறுப்பு

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் ‘பெரும் நான்கு’ எனத் தொகுப்பது இந்திய மருத்துவத்தில் வேரூன்றிய வழக்கு. அதைக் கைவிட வேண்டும் என்று 2007இல் ஆய்வாளர்கள் சிம்ப்சனும் நோரிசும் எழுதினர். கேரளத்தில் கூன்மூக்குக் குழிவிரியனும் உயிரைப் பறிக்கிறது. அதைச் சுருட்டை என்றே பிழையாக அடையாளம் கண்டதால் உண்மை மறைந்து கிடந்தது. நான்கு என்ற வரையறை சிகிச்சைக்கு ஊறு செய்திருக்கிறது. அதனிடத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டை வைக்கலாம். இது அவர்கள் வாதம்.

பிழையான அடையாளம் பற்றி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அவர்கள் வாதத்தின் அடியில் கிடக்கும் எடுகோளோடுதான் மாறுபடுகிறேன். ‘கொல்லும் பாம்புகள் எவை’ என்ற கேள்விக்கு விடையாகப் பிறந்ததே இப்பட்டியல் என்று அவர்கள் கொள்வதாகத் தெரிகிறது. அதனால்தான் ஐந்தாவதொன்று கொன்றதும் பட்டியல் பொய்த்துவிடுகிறது. எந்தெந்த நஞ்சு எந்த வரிசையில் மருந்துக் குப்பிக்குள் வந்தது என்பதன் பதிவாகவே நான் அதை வாசிக்கிறேன்.

நான்கின் படங்களும் 1796இல் வெளிவந்த, இயற்கை ஆய்வாளர் பேட்ரிக் ரஸ்ஸலின் சோழமண்டலக் கடற்கரைப் பாம்பு நூலிலேயே உள்ளன. ஆனால் அங்கே அவை தனிக்குழு அல்ல. கண்ணாடி விரியனுக்கு அவர் தரும் பெயர் இங்கே முக்கியமானது. விசாகப்பட்டினத்துத் தெலுங்குப் பெயரை ஆங்கில எழுத்தில் அவர் பதிந்திருக்கிறார். அவ்வெழுத்தில் முதற்சொல் ‘கடுக’ என்றும் ஒலிக்கலாம், ‘காடுக’ என்றும் ஒலிக்கலாம். குறிலா நெடிலா என்று காட்ட வழியில்லை. குறிலானால் அது கடுமையைச் சுட்டும் வடசொல். அப்போது கொடுமையின் தரவரிசை உள்ளூர்ப் பெயரிலேயே பொதிந்திருந்தது என்று வாதிடலாம். நெடிலானால் அது கண்மை. நான் நெடிலையே கொள்கிறேன். அடுத்து வரும் ‘ரேகுல பொட’ இதழையும் புள்ளியையும் குறிப்பது. மையிதழ்ப் புள்ளி என்னும் பொருள், கரிய விளிம்பிட்டு அப்பாம்பின் முதுகில் ஓடும் நீள்வட்டங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. தமிழில் ‘கண்ணாடி’ என்பதும் தோற்றப் பெயர்தான். ஆக, ஊரார் பெயரிட்டது கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து. நாகத்துக்கு அடுத்த நிலையில் இதை வைக்கும் மதிப்பீடு பெயருக்கு வெளியே, ரஸ்ஸல் நாய்களிலும் கோழிகளிலும் செய்த சோதனைகளோடு சேர்ந்து நிற்கிறது.

அடுத்த நூற்றாண்டின் இறுதியில் கணக்கு மாறியது. 1891இல் வியட்நாமின் பாக் லியு அருகே வெள்ளம் ஊருக்குள் நாகங்களைக் கொண்டுவந்து சேர்த்தது, பலர் கடிபட்டனர். சைகோனிலிருந்த பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் நஞ்சுமுறி மருந்தை நோக்கித் திரும்பியது அதன்பின்தான். முதல் மருந்து நாகத்துக்கானது. அது கண்ணாடி விரியனின் நஞ்சுக்குப் பயன்படாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜார்ஜ் லாம் காட்டினார். பின்னர் கசௌலியில் நாகம், கண்ணாடி விரியன் இரண்டுக்குமான மருந்து உருவானது. நான்குக்குமான மருந்து பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தோடு தொடர்புடையது. ஒன்று, இரண்டு, நான்கு: இந்த வளர்ச்சி, நஞ்சேற்றி மருந்தெடுக்கும் குதிரை லாயத்தின் வளர்ச்சி.

இதற்கு வலுவான எதிர்வாதம் உண்டு: கொல்பவை என்று முன்பே தெரிந்ததால்தானே அவற்றின் நஞ்சைத் தேர்ந்தார்கள்? நாகத்துக்கு இது பொருந்தும். சுருட்டைக்கு அவ்வளவு எளிதில் பொருந்தாது. பாம்புக்கடி ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் கண்ணாடி விரியன் 43 விழுக்காடு, கட்டுவிரியன் 18, நாகம் 12; சுருட்டை இவற்றுக்கெல்லாம் பின்னால். ஆனால் ரத்னகிரியில் சுருட்டை ஏராளம். அதனால் நேரும் சாவுகளை ஆட்சிப்பணி அதிகாரி விடால் 1890இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வலியுறுத்தினார். நான்கு நஞ்சு மருந்து ரத்னகிரிக்கு அருகிலுள்ள பம்பாயில் உருவானதும், அதில் சுருட்டை இடம்பெற்றதும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஓர் ஆய்வகம் முந்தியிருந்தால் கூன்மூக்கன் பட்டியலில் ஏறியிருக்கும் என்றே வாதிடுவேன். இது ஊகம்தான், நேரடி ஆவணச் சான்று கொண்டு சொல்வதல்ல.

வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுப்பதும் இதே நான்கிலிருந்துதான். உற்பத்தியாளர் கேட்பது அவற்றின் நஞ்சை. உலக சுகாதார நிறுவனமோ 2010 வழிகாட்டியில் தென்மேற்கு இந்தியாவுக்குக் கூன்மூக்கனை முதல் வகையிலேயே சேர்த்துவிட்டது. சிம்ப்சனும் நோரிசும் கேட்ட வகைப்பாடு அப்படியே கிடைத்தது. மருந்து நான்குக்கே தயாராகிறது. கூன்மூக்கன் கடித்தவருக்கு அம்மருந்தால் பயனில்லை.

‘பெரும் நான்கு’ என்ற தொடரை முதலில் கையாண்டவர் யார் என்பது தீராத கேள்வி. அது தீராவிட்டாலும், பெயரை மாற்றுவதால் ஐந்தாவது நஞ்சு குப்பிக்குள் வந்துவிடவில்லை என்பதற்கு 2010க்குப் பிந்தைய ஆண்டுகளே சான்று.