வடசென்னைக்கு வந்த எமிலி ஜோலா

பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளின் தொழிலாளர் நிறைந்திருந்த பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி வட்டாரத்தில் பிரெஞ்சு நூல்கள் பிரெஞ்சு மொழியில் படிக்கப்பட்டவையல்ல. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்து, சிறு வெளியீடுகளாகவும் மேடைப் பேச்சாகவும் பரவியவை. இதற்கு முன்னோடி உண்டு. பாரதியாரை ஆசிரியராகக் கொண்டு 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழ், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கத்தை முகப்பிலேயே தாங்கி வெளிவந்தது.

எனினும் உழைக்கும் மக்களிடம் பிரெஞ்சு எழுத்தாளர்களின் பெயர்களைக் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு திராவிட இயக்கத்திற்கே உரியது. அறிஞர் அண்ணா ‘ஏழை பங்காளர் எமிலி ஜோலா’ என்னும் சிறு நூலால் ஜோலாவைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தினார். யூதரான பீரங்கிப்படை அதிகாரி ட்ரைஃபஸ், செய்யாத தேசத் துரோகத்திற்காக 1894இல் தண்டிக்கப்பட்டுத் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டபோது, அவருக்காக 1898 ஜனவரி 13 அன்று குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் ஜோலா. அதற்காக ஓராண்டுச் சிறையும் மூவாயிரம் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டு, இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். எழுத்தாளன் ஒருவன் அரசையும் படையையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டலாம் என்னும் செய்தி, 1949 செப்டம்பர் 18 அன்று இராயபுரம் ராபின்சன் பூங்காவில் தன் முதல் பொதுக்கூட்டத்தை நடத்திய, அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடை முறைக்கு மிகவும் பொருந்தியது. மேடையோடு படிப்பகங்களிலும் இச்செய்தி பரவியது. படிப்பகம் என்பது கட்சித் தொண்டர்கள் நாளிதழ்களும் இயக்க ஏடுகளும் வாங்கிப் போட்டு நடத்திய சிறு வாசிப்புக் கூடம். அங்கும் தேநீர்க் கடைகளிலும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்திருந்து கேட்டனர்.

இதில் ஒரு குறையும் உண்டு. மேடைத் தமிழில் ஜோலாவின் பெயர் பெரிதும் ட்ரைஃபஸ் வழக்கோடு ஒட்டியே வழங்கியது. சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைச் சொல்லும் ‘ஜெர்மினல்’ (1885) நாவல் அந்த அளவு பேசப்படவில்லை. இத்தனைக்கும், 1921ஆம் ஆண்டின் ஆலை வேலைநிறுத்தத்தில், வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் நிறுத்தத்தில் நின்ற பிறருக்கும் இடையே மோதல் மூண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்து, துப்பாக்கிச் சூடும் நடந்த பகுதி இது. வெளியிலிருந்து ஆள் கொணர்வதும் படை சுடுவதும் ‘ஜெர்மினல்’ கதையிலும் வருகின்றன என்பதால், அந்நூலுக்கு இங்கே ஆயத்தமான வாசகர் இருந்தனர் எனலாம். 1902இல் ஜோலாவின் இறுதி ஊர்வலத்தில் வந்த சுரங்கத் தொழிலாளர் முழங்கியதும் அந்நாவலின் பெயரையே.

விக்தர் ஹியூகோ வந்த வழி வேறு. அவருடைய ‘லே மிசராப்ல’ (1862) நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கினார், கே. ராம்நாத் இயக்கத்தில் நாகையா நடித்து 1950இல் அது திரைப்படமாயிற்று. காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு ஜாவர் சீதாராமன் என்ற பெயரே வாழ்நாள் முழுதும் நிலைத்தது. நாவலைப் பார்த்தேயிராதவரும் அப்பெயரை அறிவர்.

வெ. ஸ்ரீராம் நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து பெயர்த்த காம்யுவின் ‘அந்நியன்’ க்ரியா வெளியீடாக 1980இல் வந்தது. மொழியாக்கத் தரத்தில் அது புதிய தொடக்கமே. ஆனால் தமிழில் பிரெஞ்சு எழுத்தின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவோர், உரக்கப் படிக்கக் கேட்ட வாசகரை முற்றிலும் விட்டுவிடுகின்றனர்.