மொரீஷியஸ் ரூபாய்: நாணயத்தில் மறைந்த முடி, தாளில் எழுந்த சர்ச்சை

ஆப்பிரிக்கத் தீவு நாடான மொரீஷியஸில் புழங்கும் ஒரு ரூபாய் நாணயத்தில், சுதந்திர நாட்டின் முதல் பிரதமரும் லண்டனில் மருத்துவம் பயின்றவருமான சர் சிவசாகர் ராம்கூலத்தின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.

இந்திய வெள்ளி ரூபாயே நெடுங்காலம் புழங்கிய அத்தீவுக்கென, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையுடன் 1934ஆம் ஆண்டு தனி ரூபாய் நாணயம் வெளியானது. லண்டன் டவர் ஹில்லில் இயங்கிய அரச நாணயச்சாலை அதனை வார்த்தது. மொரீஷியஸ் சுதந்திரம் பெற்ற 1968ஆம் ஆண்டிலேயே அச்சாலையும் வேல்ஸுக்கு இடம்பெயரத் தொடங்கியது.

சுதந்திரத்துக்குப் பின்னரும் எலிசபெத் அரசியாரின் தலை நாணயங்களில் நீடித்தது. 1987ஆம் ஆண்டுத் தொடரில் ராம்கூலம் அவ்விடத்தைப் பெற்றார். ஆனால் நாடு குடியரசானதோ 1992 மார்ச் 12ஆம் தேதிதான். அதாவது, நாட்டின் தலைவராக இருந்தபோதே நாணயத்திலிருந்து அரசியார் அகன்றுவிட்டார். இதனால் பெரும் சலசலப்பு ஏதும் எழவில்லை.

தாள்களின் கதை வேறு. நாணயத்தில் ஆங்கிலம் மட்டுமே உள்ளது. பணத்தாளிலோ தமிழும் உண்டு. 1998ஆம் ஆண்டுத் தாள்களில் தமிழ் எழுத்துகள் தேவநாகரிக்குக் கீழே தள்ளப்பட்டன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே கைவினைஞர்களாக வந்தவர்களின் வழித்தோன்றல்களான தமிழர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையுடன் புதியவை வெளியிடப்பட்டன.