சட்டம் வந்தது, கதவு திறந்ததா?

பருவத்தை மறைக்கக் கற்றுக்கொடுத்த சமுதாயம் இது. பருவத்தைப் பேணக் கற்றுக்கொடுத்ததா? வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

புதுக்கோட்டையில் பிறந்து, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி அம்மையார், சட்டமன்றத்தில் அமர்ந்தபோது குழந்தை மணத்தின் கொடுமையை எடுத்துரைத்தார். 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருத்தல் வேண்டுமெனத் தீர்மானித்தது. அதே ஆண்டு வந்த சாரதா சட்டமோ 14 என்றது! அதற்கே சாத்திரம் சாய்ந்ததெனச் சீறினர் வைதிகர். 1949இல் 15, 1978இல் 18. அரை நூற்றாண்டில் நான்கே ஆண்டு ஏற்றம்!

மணம் தள்ளிப்போயிற்று, மகிழ்ந்தோம். ஆனால், பூப்புக்கும் மணத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பெண்ணின் உடல்நலத்துக்குப் பொறுப்பு யார்? 1952இல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மணமானோரையே நாடிற்று. 1994இல் கெய்ரோ மாநாடு இளையோரின் தேவையை உலகுக்கு உணர்த்திய பின்னர்தான் காட்சி மாறலாயிற்று. 2006இல் இந்திய அரசு, வளரிளம் பருவத்தினரின் இனப்பெருக்க நலத்துக்கென வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. மாநில, மாவட்டத் திட்ட மேலாளர்களுக்கென்றே எழுதப்பட்ட நூல் அது. இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும்.

மேலாளர் ஊசி போடுவதில்லை. ஆயினும் கதவு திறக்கும் நேரத்தை முடிவு செய்பவர் அவர். காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூர் போன்றதோர் ஊரில், பதினைந்து வயதுப் பெண் மாதவிடாய் வலியைச் சொல்ல வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி விடும் வேளையில் மருத்துவமனை மூடியிருந்தால்? அண்டை வீட்டார் அமர்ந்திருக்கும் கூடத்திலேயே, "உனக்கு என்ன?" என்று உரக்கக் கேட்டால்? மறுமுறை வருவாளா அவள்?

தனி அறை, தக்க நேரம், கடிந்துகொள்ளாத செவிலி, பிறர் கண்ணில் படாத பதிவேடு, தீர்ந்துபோகாத இரும்புச்சத்து மாத்திரை: இவற்றைத் திட்டமிடுவதே அம்மேலாளர் பெறவேண்டிய பயிற்சி. 2012இன் போக்சோ சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோர்மீது நிகழும் பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. மறைகாத்தல் எதுவரை, கடமை எதுமுதல் எனத் தெளியாத அலுவலர் இரண்டிலும் தவறுவார்.

2014இல் 10 முதல் 19 வயதினர்க்கெனத் தனி நலத்திட்டமே பிறந்தது. திட்டம் தாளில் இருக்கிறது. கதவின் தாழோ மேலாளர் கையில் இருக்கிறது. பழைய நாணத்தை நெஞ்சில் பூட்டி வைத்தவர், புதிய கதவை எங்ஙனம் திறப்பார்? முதலில் அந்த நெஞ்சுக்குப் பயிற்சி தருவோம்!