டிரைலோபைட்: உரித்த ஓடும் உள்ளிருந்த உயிரும்

டிரைலோபைட்டுகள் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கேம்பிரியக் காலக் கடல்களில் தோன்றிய கணுக்காலிகள். நண்டு, இறால், தேள், பூச்சி எல்லாம் அடங்கிய அதே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகள் கடலில் வாழ்ந்து, பெர்மியக் காலத்தின் முடிவில் ஒன்று மிச்சமில்லாமல் அழிந்தன. இதுவரை 20,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. முதுகோட்டில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பள்ளங்கள் உடலை நடு, இடம், வலம் என்று மூன்றாகப் பிரிப்பதுதான் இவற்றின் அடையாளம். வளர்ந்தும் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியே நின்றுவிட்ட இனங்கள் உண்டு. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில், சர்ச்சில் ஊருக்கு அருகே கிடைத்த ஐசோடெலஸ் ரெக்ஸ் 72 சென்டிமீட்டர் நீளம்.

இவ்வளவு கிடைத்ததற்குக் காரணம் அந்த ஓடு. கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் ஏறிக் கெட்டிப்பட்ட முதுகோடு சேற்றில் புதைந்தால் எளிதில் அழியாது. மேலும், வளர வளர, பாம்பு சட்டை உரிப்பதுபோல் இவை பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டன. ஒரே பிராணி வாழ்நாளில் பல ஓடுகளை விட்டுச் சென்றது. அருங்காட்சியகப் பெட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி இப்படி உரித்துப்போட்டவையே. ஓட்டுக்கு அடியில் இருந்த கால், செவுள், உணர்கொம்பு, குடல் எல்லாம் மென்மையானவை, மட்கிப்போயின. ஆகவே ஓடு அலமாரி அலமாரியாகச் சேர்ந்தது; அதைப் போர்த்தியிருந்த பிராணியோ தவணை தவணையாகத்தான் தலைகாட்டியது.

அறிவியலுக்கு முன்பே மனிதர் கண்ணில் இது பட்டுவிட்டது. பிரான்சில் ஆர்சி-சூர்-கியூர் என்ற இடத்தில், பழங்கற்கால மக்கள் வாழ்ந்த ஒரு குகையில், கோத்து அணிவதற்காகத் துளையிட்ட டிரைலோபைட் ஒன்று கிடைத்தது. அந்தக் குகைக்கே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் பாவன்ட் யூட் பழங்குடியினர் எல்ராதியா கிங்கை என்ற இனத்தைத் தாயத்தாக அணிந்தனர்.

எழுத்தில் பதிந்த கதை 1698இல் தொடங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகக் காப்பாளர் எட்வர்ட் லூயிட், வேல்ஸில் லாண்டைலோ அருகே கிடைத்த ஒரு கல்லைப் பற்றி இயற்கை ஆய்வாளர் மார்ட்டின் லிஸ்டருக்குக் கடிதம் எழுதினார். ஏதோ தட்டை மீனின் எலும்புக்கூடு என்பது அவர் முடிவு. கூடவே அனுப்பிய படம் அந்த முடிவைவிட நம்பகமானது. அதைப் பார்த்தே இன்று அது ஓகைஜியோகரெல்லா டெபூக்கி என்று சொல்லிவிட முடிகிறது. டிரைலோபைட் என்ற பெயரை 1771இல் ஜெர்மானியரான யோகான் வால்ஹ் சூட்டினார். கால்களைக் காணாததால், இவை சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலிகளின் உறவு என்றுகூடச் சிலர் பிறகும் வாதிட்டனர்.

இங்கிலாந்தின் டட்லியில் சுண்ணாம்புக்கல் வெட்டியவர்களுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. ரென்ஸ் நெஸ்ட் குன்றில் அடிக்கடி அகப்பட்ட கலைமீனி புளூமென்பாக்கியை அவர்கள் 'டட்லி பூச்சி' என்றே அழைத்தனர். பின்னாளில் அது அந்த ஊரின் மரபுச் சின்னத்திலும் ஏறியது.

19ஆம் நூற்றாண்டில் இத்துறையின் பெரிய பெயர் யோவாகிம் பராந்து. பிரெஞ்சுப் பொறியாளரான இவர், முடி துறந்த பத்தாம் சார்லஸ் மன்னரின் பேரனுக்கு ஆசிரியராக இருந்தவர். நாடுகடந்த அரச குடும்பத்தோடு பிராகா நகருக்கு வந்து சேர்ந்தார். ரயில்பாதைக்காக நிலம் அளக்கும் வேலையில் புதைபடிவங்கள் கண்ணில் பட, மிச்ச வாழ்நாள் அதற்கே போயிற்று. செக் மொழி கற்றார், கல் உடைக்கும் தொழிலாளரைக் கூலிக்கு அமர்த்தினார், 1852 முதல் தடித்தடி தொகுதிகளாக வெளியிட்டார். சாவோ ஹிர்சூட்டா என்ற இனத்தின் குட்டிப் பருவம் முதல் முதிர்ந்த பருவம் வரையான ஓடுகளை வரிசையாக அடுக்கிக் காட்டியது அவருடைய மிக நல்ல காரியம். வெவ்வேறு இனங்கள் என்று பெயரிடப்பட்டிருந்தவை ஒரே பிராணியின் வெவ்வேறு வயது என்று அதில் தெரிந்தது. இத்தனை செய்தவர் பரிணாமக் கொள்கையைக் கடைசிவரை ஏற்கவில்லை. பிராகாவின் பராந்தோவ் பகுதியும் அங்குள்ள புகழ்பெற்ற சினிமா ஸ்டுடியோவும் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

கால்களைக் கண்டுபிடித்தவர் கல்லூரிப் படி மிதிக்காதவர். சார்லஸ் வால்காட், நியூயார்க் மாநிலத்தில் ஒரு பண்ணையில் தங்கி வேலை செய்துகொண்டே அங்கிருந்த சுண்ணாம்புக்கல் படுகையைத் தோண்டியவர். செராரஸ் என்ற டிரைலோபைட்டுகள் சில சுருண்டு, வயிற்றுப்பக்கத்தை உள்ளே மூடியபடி கிடந்தன. அவற்றை அவர் மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒளி ஊடுருவும்வரை தேய்த்துப் பார்த்தார். கணுக்கணுவான கால்களின் குறுக்குவெட்டு தெரிந்தது. 1876இல் அதை வெளியிட்டார். பிற்காலத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராகி, 1909இல் கனடாவின் பர்ஜஸ் ஷேல் படுகையைக் கண்டறிந்தவரும் இவரே.

அறுக்க வேண்டிய தேவையே இல்லாத இடம் ஒன்றும் அதே மாநிலத்தில், ரோம் என்ற நகருக்கு அருகில் இருந்தது. சில சென்டிமீட்டர் கனமே உள்ள அந்தக் கருங்களிப்பாறை அடுக்கில் யேல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பீச்சர் 1893இல் தோண்டத் தொடங்கினார். அங்கே மென்மையான உறுப்புகளின் இடத்தில் பைரைட் என்ற இரும்புக் கனிமம் படிந்திருந்தது. டிரையார்த்ரஸ் ஈட்டோனையின் உணர்கொம்புகளும், ஒரு கிளை நடக்கவும் மறு கிளை சுவாசிக்கவும் என்று இரண்டாகப் பிரிந்த கால்களும் பித்தளை நிறத்தில் அப்படியே நிற்கின்றன. இதே இனத்தின் தலையோர மூலையில் 0.2 மில்லிமீட்டர் அளவில் முட்டைகள் இருந்ததை 2017இல் ஓர் ஆய்வு காட்டியது.

கண் மட்டும் விதிவிலக்கு. அது ஓட்டோடு சேர்ந்த உறுப்பு, ஆகவே தப்பியது. வில்லைகள் கால்சைட் படிகம். தெளிந்த கால்சைட் வழியே பார்த்தால் எதுவும் இரட்டையாகத் தெரியும். ஒரே ஒரு அச்சின் திசையில் மட்டும் அந்தக் குறை இல்லை. டிரைலோபைட்டின் வில்லைகளில் அந்த அச்சே பார்வைத் திசையில் அமைந்திருக்கிறது. ஃபேகாப்ஸ் வகைகளின் தடித்த வில்லையில் உள்ள அடுக்கு, டெகார்ட்டும் ஹைகன்ஸும் 17ஆம் நூற்றாண்டில் வில்லையின் கோளப் பிறழ்ச்சியைத் திருத்த வரைந்த வடிவத்தை ஒத்திருப்பதாக யூவன் கிளார்க்சனும் ரிக்கார்டோ லெவி-செட்டியும் 1975இல் எழுதினர். கால்சைட் உயிரோடிருந்தபோதே இருந்ததா, புதைந்த பின் ஏறியதா என்று 2019இல் ஒரு குழு ஐயம் கிளப்பியது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

ஆழமற்ற கடலில் வாழ்ந்த பல இனங்களுக்கு ஆழ்கடல் ஒரு வேலி. அதனால் எந்த ஓடு எங்கே கிடைக்கிறது என்பதே பழைய கண்டங்களின் வரைபடமாகியது. வட ஸ்காட்லாந்தின் ஒலெனெல்லஸுக்கு உறவு வட அமெரிக்காவில் இருந்தது, பக்கத்து வேல்ஸில் இல்லை. 1966இல் புவியியலாளர் டூசோ வில்சன், அட்லாண்டிக்குக்கு முன்பு அங்கே வேறொரு கடல் இருந்து மூடிக்கொண்டது என்று வாதிட்டபோது, இந்த விலங்குகளின் பரவலே அவருக்கு முக்கியச் சான்று. இமயமலையும் இந்தக் கதையில் உண்டு. ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் கேம்பிரிய டிரைலோபைட்டுகளை கூப்பர் ரீட் 1910இல் விவரித்தார். எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் இருக்கும் ஆர்டோவிசியச் சுண்ணாம்புக்கல்லில்கூட இவற்றின் ஓட்டுத் துணுக்குகள் உள்ளன.

இவற்றின் சரிவு ஒரே நாளில் நடந்ததல்ல. ஆர்டோவிசியத்தின் முடிவில் பேரிழப்பு. டெவோனியத்தின் பிற்பகுதி நெருக்கடிகளில் புரோட்டிடா என்ற ஒரே வரிசை தவிர மற்றவை போயின. அந்த ஒன்று மேலும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஒப்பேற்றியது.

இன்று மொராக்கோதான் டிரைலோபைட்டின் பெருஞ்சந்தை. அல்னிஃப், எர்ஃபூத் கடைகளில் முள்ளும் கொம்புமாக விற்பவற்றில் பிசின் ஊற்றிச் செய்த போலிகளும் கலந்திருக்கும். அதே நாட்டின் பாறைகள் நல்ல சரக்கையும் தந்தன. மூன்று முனைக் கவட்டைக் கொம்பைத் தலைக்கு முன் நீட்டிய வாலிசெராப்ஸ், அதை வண்டுகளைப்போல ஆண்களின் சண்டைக்குப் பயன்படுத்தியிருக்கலாம் என்று 2023இல் ஆலன் கிஷ்லிக்கும் ரிச்சர்ட் ஃபோர்ட்டியும் கருதினர். அதே ஆண்டு, செக் நாட்டில் 1908இல் எடுத்து வைத்த போஹிமோலிக்கஸ் ஒன்றை சின்க்ரோட்ரான் என்ற கருவியின் எக்ஸ் கதிரில் பார்த்தபோது, 46.5 கோடி ஆண்டுப் பழமையான குடல் நிறைய நொறுங்கிய ஓட்டுத் துண்டுகள் இருந்தன. அகப்பட்டதையெல்லாம் அது விழுங்கியிருக்கிறது.

2024இல் வெளியான மொராக்கோ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைச் சாம்பல் கடலில் விழுந்து, டிரைலோபைட்டுகளை உயிரோடு மூடிக் கெட்டிப்பட்டிருந்தது. அழுந்தித் தட்டையாகாமல் முழு உருவில் இருந்த அவற்றை எக்ஸ் கதிரில் அலசியபோது, வாய்ப்பிளவும் அதன் முன்னால் தொங்கிய சதைப்பற்றுள்ள உதடும் தெரிந்தன. டிரைலோபைட்டில் அந்த உதட்டை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஓட்டின்மேல் காம்பூன்றி ஒட்டியிருந்த, சிப்பி போன்ற சின்னஞ்சிறு பிராக்கியோபாடுகளும் அதே நிலையில் புதைந்திருந்தன.